பத்தரை லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ: மச்சினன் சொல்வது சரியா, மனைவி சொல்வது சரியா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 41. கத்தாரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மனைவி நர்ஸ். இரண்டு பிள்ளைகள், கூடவே முட்டுவலியோடு இருக்கும் அம்மா. கையில் ஏழு லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போடத் தயார். மச்சினன் நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய கார் யார்டில் 2014 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி டீசல் பார்த்து வைத்திருக்கிறார். கேஎல் ரெஜிஸ்ட்ரேஷன், இரண்டாவது ஓனர், மீட்டரில் 78,000 கிலோமீட்டர், விலை பத்தரை லட்சம். மனைவியோ புது ஸ்விஃப்ட் போதும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஓட்டம் அதிகமில்லை: வீடு, கடை, ஞாயிறு கோயில், மாதம் இரண்டு தடவை திருவனந்தபுரம், வருடத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி. எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் வரும் என்கிறார். யார்டில் ஏற்கெனவே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ரசீது இல்லை, வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்.

அவர் தரப்பு வாதங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார். "நாற்பது லட்சம் ரூபாய் வண்டி பத்தரைக்கு வருகிறது, இனி விலை குறைய என்ன இருக்கிறது? டீசல், அதனால் எண்ணெய்ச் செலவு மிச்சம். பெரிய வண்டி, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஏதாவது ஆனாலும் இன்சூரன்ஸ் இருக்கிறது. நம்பரை மாற்றவே வேண்டாம், பார்டர்தானே, பாதிப் பேர் கேஎல் நம்பரில்தான் ஓட்டுகிறார்கள்."

நண்பரே, நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, பில்லைப் பார்த்து, எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கெழுதுவது என் வேலை. அதனால் நான் ஷோரூம் பக்கத்திலிருந்து பேசமாட்டேன், ஒர்க்ஷாப் பக்கத்திலிருந்துதான் பேசுவேன். பி.எம்.டபிள்யூ ஓட்ட ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை, வெயிலில் உழைத்துச் சம்பாதித்த காசு உங்களுடையது. 320டி நல்ல வண்டிதான், ஓட்டிப் பார்த்தால் இறங்க மனசு வராது. ஆனால் நீங்கள் எழுதிய ஐந்து வாதங்களில் ஒன்றுதான் பாதியாவது நிற்கும், அது பாதுகாப்பு. மற்ற நாலையும் பார்ப்போம்.

விலை குறைந்தது வண்டிக்கு, ஸ்பேருக்கு இல்லை

இதுதான் முழு விஷயத்தின் ஆணிவேர். வண்டியின் சந்தை விலை நாற்பதிலிருந்து பத்தரைக்கு இறங்கிவிட்டது, சரி. ஆனால் அதன் ஹெட்லைட், ஏர்பேக், இன்ஜெக்டர், டர்போ எதுவும் பத்தரை லட்ச ரூபாய் வண்டியின் விலைக்கு வராது. நாற்பது லட்ச வண்டிக்கு என்ன விலையோ அதே விலைதான், வருடத்துக்கு வருடம் கூடுமே தவிர குறையாது. அந்த வண்டியின் முதல் ஓனர் அதை வாங்கியபோது அவரிடம் வாரண்டி இருந்தது, சர்வீஸ் பேக்கேஜ் இருந்தது. செலவு வருகிற வயதில் அவர் விற்றுவிட்டார். இரண்டாமவர் கொஞ்சம் ஓட்டி, எதையோ கேள்விப்பட்டு, அவரும் தள்ளிவிடுகிறார். பழைய சொகுசுக் கார் மலிவாகக் கிடைப்பதற்கு முக்கியக் காரணமே அடுத்து வரப்போகும் பில்லை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டார்கள் என்பதுதான்.

சில்லறை விஷயங்களையே எடுத்துக்கொள்வோம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், ஆனால் பஞ்சரோடு ஓட்டிய ரன்-ஃபிளாட்டை ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பில்லை, மாற்றத்தான் வேண்டும். நாலு டயர் அறுபது எழுபதாயிரம் ஆகும். ஸ்விஃப்டுக்கு இருபதாயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். பேட்டரி மாற்றினால்கூட மாற்றியதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், மார்த்தாண்டம் மார்க்கெட்டில் யாரோ ஒருவர் கழற்றி மாட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலை வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யார்டில் சொல்வார்கள். அந்தக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி 78,000ல் நிற்கிறது, அதுவும் மீட்டர் உண்மையாக இருந்தால்.

இன்னொன்று, 2014 என்றால் அதில் இருப்பது என்47 என்ஜின். என்ஜினின் உள் பாகங்களை ஒத்து ஓட வைக்கும் டைமிங் செயின் இதில் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சத்தம் வர ஆரம்பித்தால் அதைத் தொடவே கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். செயின் விலை பெரிதில்லை, கூலி பெரிது. இந்த வருடங்களில் வந்தவற்றில் பழைய என்47 அளவுக்குத் தொல்லை இல்லை என்பார்கள், இருந்தாலும் குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்காமல் வாங்கக்கூடாது. யார்டுக்குப் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

இதெல்லாம் போக, கம்பெனி சர்வீஸ் என்றால் திருவனந்தபுரம். வண்டி நின்றுபோனால் டோ பண்ண வேண்டும், ஸ்பேர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை நீங்கள் மச்சினனுடைய பைக்கில் கடைக்குப் போக வேண்டும்.

டீசல் மிச்சமா?

கணக்கு போட்டே பார்க்கலாம். டீசல் லிட்டர் 93, பெட்ரோல் 102 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் நெரிசலில், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று நின்று நின்று போகிற ஓட்டத்தில், 320டி லிட்டருக்குப் பதினாலு கொடுத்தால் நல்லது. 11,000 கிலோமீட்டருக்கு 786 லிட்டர், 73,000 ரூபாய். ஸ்விஃப்ட் பதினெட்டு கொடுத்தால் 611 லிட்டர், 62,000 ரூபாய். ஆக டீசல்தான் கூடுதல். டீசல் மிச்சம் என்பது மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கான பேச்சு. குறுகிய ஓட்டத்திலேயே கிடக்கும் டீசல் என்ஜினில், புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி பிடிப்பது வேறு இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு நான் போட்ட உத்தேசக் கணக்கு இது. பி.எம்.டபிள்யூ: வாங்க 10.5 லட்சம், டீசல் 3.65, வருட சர்வீஸ் 2.25, இன்சூரன்ஸ் 2.25, ஒரு செட் டயர் 0.7, எதிர்பாராத வேலைக்கு வருடம் எண்பதாயிரம் ஒதுக்கினால் 4 லட்சம். கூட்டினால் 23.35. ஐந்து வருடம் கழித்து மூன்று லட்சத்துக்கு விற்றால் கையை விட்டுப் போனது இருபது லட்சத்துக்கு மேல். ஸ்விஃப்ட்: ஆன்ரோடு 8 லட்சம், பெட்ரோல் 3.1, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள், இரண்டாம் வருடத்திலிருந்து இன்சூரன்ஸ் 0.6. மொத்தம் 12.7 போல, விற்றால் நாலு லட்சம் வரும், போனது எட்டே முக்கால். கிலோமீட்டருக்குப் பார்த்தால் 37 ரூபாய்க்கும் 16 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். எதிர்பாராத வேலைக்கு நான் போட்டிருக்கும் நாலு லட்சத்தைப் பயமுறுத்தல் என்று நினைத்தால் அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், அப்போதும் ஸ்விஃப்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான் நிற்கும். வட்டியையும் தமிழ்நாட்டு வரியையும் இதில் சேர்க்கவே இல்லை.

லோன் பற்றி ஒரு வார்த்தை. பழைய காருக்கு வட்டி புதுக் காரைவிட நாலைந்து சதவீதமாவது கூடும். அதோடு லோன் முடியும்போது வண்டி வயது பத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல பேங்குகள் பார்க்கும், 2014 வண்டிக்கு அங்கேயே கதவு அடைபடும். அப்புறம் நகைக்கடனோ பெர்சனல் லோனோதான். மனைவியின் நகை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே"

என் வேலை இதுதான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். சாதாரண பேக்கேஜ் பாலிசியில், அடிபட்ட பாகத்தை மாற்றினால் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இதற்கெல்லாம் வண்டி எத்தனை வயதானாலும் 50 சதவீதம் கழிப்பு. இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து, பத்து வருடம் தாண்டினால் அதற்கும் 50 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிப்பு இல்லை. அப்படியென்றால் உங்கள் 2014 வண்டியில் நாலு லட்ச ரூபாய்க்கு ஸ்பேர் மாற்றினால், ஏறக்குறைய இரண்டு லட்சம் உங்கள் பையிலிருந்து. தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் கவர் வாங்கிக்கொள்கிறேன் என்பீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அதைத் தருவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை போடுவார்கள், வண்டிக்கு அன்றைக்கு உள்ள மதிப்பு அது. ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிட வேண்டும். உங்கள் ஐடிவி ஒன்பது லட்சம் என்று வையுங்கள், எல்லைக்கோடு ஆறே முக்கால் லட்சம். முன்னால் ஒரு நல்ல இடி, இரண்டு ஹெட்லைட், பம்பர், பானெட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இரண்டு ஏர்பேக், அதோடு சேர்ந்த சென்சர்கள். அந்த எல்லைக்கோடு வெகு சீக்கிரம் வந்துவிடும். ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வண்டியையே கணக்குப்படி முழு நஷ்டம் என்று எழுத வேண்டி வருகிறது, ஓனர் முகத்தைப் பார்க்க முடியாது. பிரீமியம் குறைய வேண்டும் என்று ஐடிவியைக் குறைத்துப் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். ஸ்விஃப்டில் அதே இடிக்கு ஆகும் செலவு ஐடிவியின் பக்கத்தில்கூடப் போகாது.

மழையையும் மறக்காதீர்கள். நமக்கு இரண்டு மழைக்காலம், குழித்துறை ஆறு நிறைந்தால் எந்தெந்த ரோட்டில் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் உள்ளே தண்ணீர் இழுத்துவிட்டால் சாதாரண பாலிசியில் அது கிடைக்காது, என்ஜின் புரொடெக்‌ஷன் தனியாக எடுத்திருக்க வேண்டும். 320டி தரையிலிருந்து சுமார் 140 மில்லிமீட்டர்தான் உயரம், ஸ்விஃப்ட் 163. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட ரோடுகளிலும், நம்ம ஊர் வேகத்தடைகளிலும் அந்த இரண்டு சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

கேஎல் நம்பரில் ஓட்டலாமா

பாதிப் பேர் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை, அது சட்டம் ஆகாது. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதம் வரை அந்த நம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு சொல்கிறது. வேலை மாறி இங்கே குடிவருகிறவருக்கு அது பொருந்தும். நீங்கள் விலைக்கு வாங்கும் ஆள், 50வது பிரிவுப்படி 30 நாளுக்குள் நீங்கள் குடியிருக்கும் ஊர் ஆர்டிஓவில் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அதற்கு கேரளா ஆர்டிஓவிலிருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டும், தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி கட்ட வேண்டும், டிஎன் 75 நம்பர் வாங்க வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுத்த பத்தரை லட்சத்தின் மேல் போடப்படுவதில்லை. வண்டியின் ஆரம்ப விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். தொகை எவ்வளவு என்பதை மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும், லட்சக்கணக்கில் வரும்.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? வண்டி யாரையாவது இடித்தால், ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது, நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்குப் போகும், அவர் உங்களைத் தேடி வருவார். அதைவிட உங்களுக்கு வலிப்பது வேறு. பாலிசி பழையவர் பெயரிலேயே இருந்தால் மூன்றாம் நபருக்கான கவர் தானாக உங்களுக்கு மாறும், உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதக் கவர் மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து மாற்ற வேண்டும். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸும் உங்களோடு வராது, அது அவருடைய சொத்து, அந்த வித்தியாசத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

2014 வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் 2029ல் முடியும். அதற்குப் பிறகு ஓட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து வருடம் புதுப்பிக்கலாம். பத்து வருட டீசலுக்குத் தடை என்பதெல்லாம் டெல்லி வட்டாரத்தில் வந்த உத்தரவு. அந்தத் தடையால்தான் அங்கிருந்து பழைய டீசல் சொகுசுக் கார்கள் தெற்கே வந்து குவிகின்றன. உங்கள் ஆர்சியில் முதல் ரெஜிஸ்ட்ரேஷன் எந்த ஊர் என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் கேரளா வெள்ளத்தில் மூழ்கியதா என்றும் பாருங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் மண் கோடு தெரியும், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் வாடை வரும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இந்த மூன்றும் மாட்டிக்கொடுத்துவிடும்.

பாதுகாப்பு

இங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கனமான வண்டி, நல்ல பிரேக், உறுதியான பாடி, 2014லேயே இஎஸ்சி (வண்டி வழுக்காமல் பிடிக்கும் மின்னணு வசதி, இஎஸ்பி என்றும் சொல்வார்கள்). ஆனால் அது புதிதாக இருந்தபோதைய பாதுகாப்பு. ஒரு தடவை இடித்து ஏர்பேக் வெடித்த வண்டியில் புது ஏர்பேக் போடாமல், மேலே மூடி மட்டும் ஒட்டி, டாஷ்போர்டு விளக்கு எரியாமல் செய்து விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய ஸ்விஃப்டில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக்கும் இஎஸ்பியும் வருகிறது. க்ராஷ் டெஸ்ட்தான் முக்கியம் என்றால் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டிசையரையும் டாடா பஞ்சையும் பாருங்கள். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு இவையெல்லாம் உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டன.

பி.எம்.டபிள்யூ ஆசை விடவே இல்லை என்றால் இரண்டு நிபந்தனையோடு வாங்குங்கள். வண்டி விலை போக மூன்று லட்சம் தனியாக பேங்கில் கிடக்க வேண்டும், அதுவும் கடன் இல்லாமல். அதோடு வீட்டில் ஓட இன்னொரு சின்ன வண்டியும் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே இல்லை, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். நடுவழி ஒன்றும் இருக்கிறது: நாலைந்து வயதுள்ள ஹோண்டா சிட்டியோ வெர்னாவோ, டிஎன் 74 அல்லது 75, ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டோடு. கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தவும் நன்றாக இருக்கும், நாகர்கோவிலிலேயே சர்வீஸும் ஆகும்.

கொடுத்த ஐம்பதாயிரம்

ரசீது இல்லை என்று பதற வேண்டாம், வாட்ஸ்அப் மெசேஜும் பணம் அனுப்பிய பேங்க் விவரமும் ஆதாரம்தான். முதலில் யார்டுக்காரரிடம் எழுத்தில் மூன்று கேளுங்கள்: கேரளா ஆர்டிஓ என்ஓசி எப்போது கிடைக்கும், பழைய லோன் பாக்கி உண்டா, கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி எங்கே. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதன் நகலும் கேளுங்கள். அவரால் இவற்றைத் தர முடியவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்து நீங்களாக மனம் மாறினால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார், முழுவதையும் விழுங்க விட வேண்டியதில்லை. மீட்டரைத் திருப்பியதோ இடித்ததை மறைத்ததோ தெரிய வந்தால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள், பாதி விஷயம் நோட்டீஸிலேயே முடிந்துவிடும். மச்சினனை நடுவில் வைத்துப் பேசாதீர்கள், பணம் வந்தாலும் வராவிட்டாலும் உறவு கெடும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு முட்டுவலி என்றீர்கள். 320டி சீட்டும் தாழ்வு, ஸ்விஃப்டும் அப்படி ஒன்றும் உயரமில்லை. குனிந்து இறங்கி, கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டியிருக்கும். ஷோரூமுக்குப் போகிற அன்றைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்விஃப்ட், பஞ்ச், வேகன் ஆர் மூன்றிலும் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், அப்புறம் புக் பண்ணுங்கள்.